விதையிலிருந்து வளர்ந்த குளிர்தாங்கும் விசிறிப்பனைகள்: கன்றுப் பருவத்தில் வகை பிரிப்பது எப்படி?

கலோ மலைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவின் கலோ மலையூரில், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் டிராக்கிகார்ப்பஸ் பேரினத்தைச் சேர்ந்த விசிறிப்பனைக் கன்றுகள் நாற்றுப்பைகளில் வளர்ந்து வருகின்றன. விதைகள் மூன்று வழிகளில் வந்தவை. ஒரு பகுதி டார்ஜிலிங் பக்கத்திலிருந்து உறவினர் கொடுத்தனுப்பியது. ஒரு பகுதி சீன எல்லையில் உள்ள மூசே சந்தையில் யுன்னான் வியாபாரியிடம் வாங்கியது. மற்றொரு பகுதி மணிப்பூரிலிருந்து எல்லை ஊரான தமு வழியாக வந்தது. கொண்டுவந்து சேர்த்தவர் வழியில் மூன்றையும் ஒரே பையில் கொட்டிவிட்டார். எனவே எந்தக் கன்று எந்த ஊர் விதை என்று சொல்ல எழுத்துக் குறிப்பு எதுவும் என்னிடம் இல்லை.

இப்போது பெரும்பாலான கன்றுகளில் பிளவுபடாத நாடா போன்ற ஓலைகளே இருக்கின்றன. சிலவற்றில் மட்டும் ஓலையின் நுனி இரண்டு மூன்றாகப் பிரியத் தொடங்கியிருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. இங்கே மார்கழி, தை மாதங்களில் தரையில் உறைபனி படியும் இரவுகள் உண்டு என்பதால், எவற்றை வெளியே விடலாம், எவற்றைக் கூரைக்குள் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது எனக்கு அவசியமாகிறது. சரிவில் எந்த வரிசையில் நடுவது என்பதும் அதைப் பொறுத்ததே. கன்றுப் பருவத்திலேயே இவற்றை வகை பிரிக்க வழி உண்டா?

மேமியோ நாற்றங்கால் எழுதியது:

வணக்கம் அம்மா. வழி உண்டு. ஆனால் எல்லா வகைகளையும் ஒரே சமயத்தில் பிரித்துவிட முடியாது. இப்போது பிரிக்கக்கூடியது ஒன்று, விசிறி ஓலை வந்த பிறகு பிரிக்கக்கூடியது இன்னொன்று, விதை வந்த ஊர் தெரியாமல் பிரிக்கவே முடியாதது மூன்றாவது. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் தோட்டங்களில் தவறான பெயர்ப்பலகைகள் நிற்கின்றன.

முதலில் ஓலையை மறந்துவிட்டு விதையைத் தேடுங்கள். பனங்கொட்டையை மண்ணில் போட்டால் முளை கொட்டையை விட்டு விலகிக் கீழே இறங்கி, அங்கிருந்துதான் குருத்து எழுகிறது என்பதை நம்மவர்கள் அறிவார்கள். டிராக்கிகார்ப்பஸும் அதே முறையில்தான் முளைக்கிறது. இறங்கும் தூரம் மட்டும் மிகக் குறைவு. ஆகவே கன்று மேலே வளர்ந்துகொண்டிருக்கும்போதே பழைய விதை ஒரு சிறு காம்பால் அதனோடு இணைந்தபடி மண்ணுக்குள் பக்கவாட்டில் கிடக்கும். உள்ளே இருந்த சத்தைக் கன்று உறிஞ்சிய பிறகும் கெட்டியான மேல்தோடு பல மாதங்கள் அழியாமல் இருக்கும். ஒரு மூங்கில் குச்சியால் கன்றின் அடியில் ஒரு விரற்கடை ஆழத்துக்கு மண்ணை மெதுவாக விலக்கினால் தோடு தென்படும். வேரை அசைக்கவோ காம்பை இழுக்கவோ வேண்டாம். பார்த்துவிட்டு மண்ணை மூடிவிடுங்கள்.

அந்தத் தோடு இரண்டு வடிவங்களில் ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் உட்குழிந்த சிறுநீரக வடிவம் ஒன்று. நீள்வட்டமாக, ஒரு பக்கத்தில் நீளவாக்கில் கோடு விழுந்து, எங்கள் ஊரில் காயவைக்கும் காப்பிக் கொட்டை போன்ற வடிவம் மற்றொன்று. இந்தப் பேரினத்தில் காப்பிக் கொட்டை வடிவ விதை உடையவை மார்ட்டியானஸ், லாட்டிசெக்டஸ் என்ற இரண்டு இனங்கள்தான். ஃபார்ச்சுனி, டாகில், பிரின்செப்ஸ், நானஸ், ஒரியோஃபிலஸ், உக்ருலென்சிஸ் ஆகியவற்றின் விதைகள் சிறுநீரக வடிவின. ஓலையில் எந்த வேறுபாடும் தெரியாத பருவத்தில் நம்பத்தக்க அடையாளம் இது ஒன்றே.

உங்களுக்கு டார்ஜிலிங் பக்கத்திலிருந்து வந்தவை காப்பிக் கொட்டை வடிவில் இருந்தால், அவை பெரும்பாலும் லாட்டிசெக்டஸ் ஆக இருக்கும். காலிம்போங், மிரிக் வட்டாரங்களில் வளரும் அந்தப் பனைக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 1997ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு அது மார்ட்டியானஸின் ஒரு வடிவமாகவே எண்ணி வளர்க்கப்பட்டது. ஆகவே பழைய தோட்டங்களிலிருந்து வரும் விதைகளில் பெயர் மாறி வருவதற்கு இன்றும் வாய்ப்பு உண்டு.

தவுஞ்சி வாசகர் எழுதியது:

மேமியோ ஐயா சொன்ன விதை முறையை நான் ஏற்கிறேன். இருந்தாலும் மண்ணைக் கிளறாமலேயே பிரிக்க முடியும் என்பது என் எண்ணம். முதல் ஓலையின் அகலத்தைப் பார்த்தால் போதாதா? அகன்ற நாடா ஓலை உடையவை லாட்டிசெக்டஸ் என்றும், குறுகியவை ஃபார்ச்சுனி என்றும், குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பவை வாக்னேரியானஸ் என்றும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் பகுதியில் நாற்று விற்பவர்களும் இப்படித்தான் பிரித்து விலை சொல்கிறார்கள்.

மேமியோ நாற்றங்கால் எழுதியது:

தம்பி, அகலம் என்பது வகையை மட்டும் பொறுத்ததன்று. ஒரே தாய்மரத்தின் விதைகளைப் பாதி நிழல்வலைக்குக் கீழும் பாதி திறந்த வெயிலிலும் வைத்து வளர்த்துப் பாருங்கள். நிழலில் உள்ளவற்றின் ஓலை நீண்டு, மெலிந்து, தொய்ந்து விழும்; வெயிலில் உள்ளவற்றின் ஓலை குட்டையாகவும் தடித்தும் விறைத்தும் நிற்கும். வெயிலில் வளர்ந்த ஃபார்ச்சுனியை வாக்னேரியானஸ் என்று சொல்லி விற்பது இந்த வேறுபாட்டை நம்பித்தான் நடக்கிறது. ஆழமில்லாத பையில் வேர் சுருண்டாலும் ஓலை குறுகிவிடும். மேலும், பெரிய விதையிலிருந்து வரும் முதல் ஓலை சிறிய விதையிலிருந்து வருவதைவிட இயல்பாகவே அகலமாக இருக்கும். ஒரே குலையிலும் பெரிய விதையும் சிறிய விதையும் உண்டு.

அகலம் முற்றிலும் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே மண்ணில், ஒரே வெளிச்சத்தில், ஒரே நாளில் விதைக்கப்பட்டவற்றை ஒரு கூட்டமாகப் பார்க்கும்போது அது பயன்படும். ஒரு தட்டில் உள்ள கன்றுகள் அனைத்தும் பக்கத்துத் தட்டில் உள்ளவற்றைவிட அகலமாக இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. தனியாக ஒரு கன்றைக் கையில் எடுத்து அதன் அகலத்தைக் கொண்டு பெயர் சொல்வது மட்டும் கூடாது. கலோ அம்மாவின் கன்றுகள் எல்லாம் ஒரே இடத்தில் வளர்ந்தவை என்பதால், அவரிடம் இந்த ஒப்பீட்டுக்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் விதைத் தோட்டைப் பார்த்து இரண்டாகப் பிரித்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

கலோ மலைச்சாரல் எழுதியது:

ஐயா சொன்னபடி குச்சியால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கன்றுகளில் நீள்வட்டமான, கோடு விழுந்த தோடு இருக்கிறது. மற்றவற்றில் குழிந்த சிறுநீரக வடிவம். சில கன்றுகளில் தோடு மக்கிப்போய் அடையாளம் காண முடியாத நிலையில் இருந்தது. அவற்றைத் தனி வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பையிலும் வண்ணத் துணி கட்டிவிட்டேன்.

நீள்வட்டத் தோடு உள்ள கன்றுகளின் ஓலை மற்றவற்றைவிட அகலமாகத்தான் இருக்கிறது என்பதையும் இப்போது கவனிக்கிறேன். அடுத்த கேள்வி: சிறுநீரக வடிவத் தோடு உள்ளவற்றில் யுன்னான் விதையையும் மணிப்பூர் விதையையும் எப்படிப் பிரிப்பது?

தமு எல்லைக்காரர் எழுதியது:

அம்மா, மணிப்பூர்ப் பனையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு எதிர்ப்புறம் மோரேயில் நம் தமிழ் உறவுகள் நிறைய இருப்பதால், உக்ருல் பக்கத்திலிருந்து பலவகைச் செடிகளும் விதைகளும் எங்கள் கைக்கு வருவதுண்டு. அந்த மலைகளில் வளரும் டிராக்கிகார்ப்பஸுக்கு உக்ருலென்சிஸ் என்று 2006இல் பெயரிட்டார்கள். அதற்கு முன்பு மணிப்பூர்ப் பனை, நாகா மலைப் பனை என்ற பெயர்களில் விதை வெளிநாடுகளுக்குப் போனது. தாய்லாந்தின் தோய் சியாங் தாவ் மலையில் வளரும் ஒரியோஃபிலஸுக்கு இது மிக நெருங்கியது என்றும், இரண்டும் ஒன்றே என்றும் கருதுவோர் உண்டு.

கன்றில் பார்க்க வேண்டியது ஓலையின் அடிப்பக்கம். உக்ருலென்சிஸ் வளர்ந்து விசிறி ஓலை விடத் தொடங்கியபின் அடிப்பக்கம் மெழுகு பூசியது போல வெளுக்கும். பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் அந்த வெள்ளை விரலில் ஒட்டிக்கொண்டு, தேய்த்த இடம் பச்சையாகத் தெரியும். ஃபார்ச்சுனியின் அடிப்பக்கமும் மேற்பக்கத்தைவிடச் சற்று வெளிறித்தான் இருக்கும். ஆனால் அது பச்சை கலந்த சாம்பல் நிறம், வெள்ளையன்று. முதிர்ந்த ஓலையைத் திருப்பிப் பாருங்கள். குருத்திலிருந்து அப்போதுதான் விரிந்த ஓலையில் எல்லா வகைகளிலும் மெல்லிய பூச்சு இருக்கும் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மேமியோ நாற்றங்கால் எழுதியது:

தமுத் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். யுன்னானிலிருந்து வந்தது என்பதாலேயே அது ஃபார்ச்சுனி என்று சொல்லிவிட முடியாது. நம் தன்லுவின் (சால்வீன்) ஆறு சீனாவில் நுஜியாங் என்ற பெயரோடு ஓடும் பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறைச் சுவர்களில் பிரின்செப்ஸ் என்ற பனை வளர்கிறது. அதற்கு 1995இல்தான் பெயர் சூட்டினார்கள். அதன் ஓலை அடிப்பக்கமும் நல்ல வெண்மை. மட்டையின் மேலும் மாவு தூவியது போன்ற பூச்சு இருக்கும். அதே யுன்னானில் அடிமரமே எழாமல் தரையோடு நிற்கும் நானஸ் என்ற குட்டையினமும் உண்டு. ஆகவே மூசே சந்தையில் வாங்கியவற்றில் வெள்ளை அடிப்பக்கம் தெரிந்தால், அது பிரின்செப்ஸா உக்ருலென்சிஸா என்ற கேள்வி எழும். கன்றுப் பருவத்தில் இவ்விரண்டையும் ஓலையைக் கொண்டு உறுதியாகப் பிரிக்க என்னால் இயலாது. யாராவது இயலும் என்று சொன்னால் அவர்களுடைய தாய்மரத்தின் படத்தைக் கேளுங்கள். விதை எங்கே பறிக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தால் மட்டுமே இதற்கு விடை கிடைக்கும். அதனால்தான் விதை வாங்கும் நாளிலேயே ஊர், மலை, காடா தோட்டமா என்பதை எழுதிப் பைக்குள் போட்டு வைக்கும்படி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

நடைமுறையில் சொன்னால், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யுன்னான் விதை மிகப் பெரும்பாலும் ஃபார்ச்சுனியே. சீனாவில் பன்னாடை நாருக்காகவே அதை நெடுங்காலமாகப் பயிரிடுகிறார்கள். கயிறும் மழைக்கோட்டும் துடைப்பமும் அந்த நாரில் செய்தார்கள். பயிராக நிற்கும் மரத்தின் விதைதான் குவிந்து கிடக்கும். பாறைச் சுவரில் நிற்கும் மரத்தின் விதை அப்படிக் கிடைக்காது.

ரங்கூன் மாடித்தோட்டம் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. ஜப்பானில் இருக்கும் உறவினர் வாக்னேரியானஸ் என்று சொல்லி விதை அனுப்பியிருக்கிறார். ரங்கூன் வெப்பத்தில் சில மட்டுமே முளைத்தன. அவற்றிலும் இரண்டு கன்றுகள் விறைப்பாகவும் மற்றவை தொய்ந்தும் இருக்கின்றன. எல்லாம் ஒரே மரத்தின் விதை என்கிறார். அப்படியானால் எவை சரியானவை?

மேமியோ நாற்றங்கால் எழுதியது:

ஒரே மரத்தின் விதையாக இருந்தும் இப்படி வருவது இயல்பே. இந்தப் பேரினத்தில் நம் பனையைப் போலவே ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பெண்மரம் வாக்னேரியானஸாக இருந்து, அருகே பூத்த ஆண்மரம் ஃபார்ச்சுனியாக இருந்தால், பிள்ளைகள் இரண்டுக்கும் இடைப்பட்டவையாகவே பிறக்கும். ஜப்பானியத் தோட்டங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் கலப்பு எளிதில் நேர்கிறது. வாக்னேரியானஸ் காட்டில் எங்கும் காணப்படவில்லை. பயிரில் மட்டுமே அறியப்பட்டது. அதனால் வகைப்பாட்டாளர் பலர் அதைத் தனி இனமாகக் கொள்ளாமல் ஃபார்ச்சுனியின் ஒரு வடிவமாகவே வைக்கிறார்கள்.

சரியான வாக்னேரியானஸ் கன்றில் நான் பார்ப்பது இரண்டு. விசிறி ஓலை விரியும்போது ஒவ்வொரு கீற்றின் விளிம்பிலும் வெண்மையும் துருநிறமும் கலந்த மெல்லிய பஞ்சுக்கோடு ஓடும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலே தெரியும். அடுத்து, கீற்றுகள் குட்டையாகவும் கெட்டியாகவும் இருந்து, கையால் வளைத்துவிட்டால் உடனே நேராகும். வளர்ந்த மரத்தின் ஓலை ஃபார்ச்சுனி ஓலையில் ஏறத்தாழப் பாதி அளவே இருக்கும். பஞ்சுக்கோடு இருந்தும் கீற்று தொய்ந்தால் அது கலப்பாக இருக்கலாம். அதுவும் அழகான மரம்தான். ஆனால் அதன் பெயரை வாக்னேரியானஸ் என்று எழுதாதீர்கள்.

முளைப்பு குறைந்ததற்கு வெப்பமும் ஒரு காரணம். ஃபார்ச்சுனி வகை விதைகளுக்கு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை உள்ள மிதமான சூடு உகந்தது. காய்ந்து போன விதையும் முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். அடுத்த முறை விதை வந்தவுடன் ஈரமான தேங்காய் நார்த்தூளில் வைத்து, வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் முளைக்க விடுங்கள்.

தவுஞ்சி வாசகர் எழுதியது:

கலோவில் உறைபனி விழுகிறது என்பதால், எல்லாக் கன்றுகளையும் ஒரு குளிர்காலம் வெளியே விட்டுவிட்டால் பிழைப்பவை ஃபார்ச்சுனி, வாடுபவை மற்றவை என்று இயற்கையே பிரித்துக் காட்டிவிடாதா?

கலோ மலைச்சாரல் எழுதியது:

தம்பி, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வளர்த்தவற்றை அப்படிச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. அது சரியான சோதனையாகவும் எனக்குத் தோன்றவில்லை. வேரூன்றிய மரம் தாங்கும் குளிரைச் சிறு கன்று தாங்காது என்பதைத் தோட்டத்தில் மற்றச் செடிகளிலும் பார்க்கிறோம்.

மேமியோ நாற்றங்கால் எழுதியது:

அம்மா சொல்வதே சரி. வேரூன்றி வளர்ந்த ஃபார்ச்சுனி உறைநிலைக்குப் பத்து டிகிரிக்கும் கீழே போனாலும் தாங்கும். மார்ட்டியானஸ் அவ்வளவு தாங்குவதில்லை. லாட்டிசெக்டஸ் டார்ஜிலிங் மலைகளில் ஏறத்தாழ 1,200 முதல் 2,400 மீட்டர் உயரம் வரை வளர்வதால் ஓரளவு குளிரைத் தாங்கும். ஆனால் இவையெல்லாம் மரத்துக்குச் சொல்லப்படுபவை. பையில் உள்ள கன்றின் வேர் நாற்புறமும் குளிர்கிறது. குருத்துக் குழியில் நீர் தங்கி இரவில் உறைந்தால் மிக உறுதியான வகையும் குருத்தழுகி இறந்துவிடும். ஆகவே இறந்த கன்று எந்த வகை என்பதைக் குளிர் நமக்குச் சொல்லாது. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது போதும். வந்தால் அது அழுகல்.

கலோ மலைச்சாரல் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். நீள்வட்டத் தோடு உள்ளவை மார்ட்டியானஸா லாட்டிசெக்டஸா என்று எப்போது தெரியும்? டார்ஜிலிங் உறவினரிடம் கேட்டதில், விதை பறித்தது ஒரு பங்களாத் தோட்டத்து மரம் என்று மட்டும் சொல்கிறார். மட்டையில் கருக்கு இருக்குமா என்பதையும் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் ஓடும் வழியில் நடலாமா என்று யோசிக்கிறேன்.

மேமியோ நாற்றங்கால் எழுதியது:

நன்றாகப் பிரிந்த விசிறி ஓலைகள் சில வந்த பிறகு தெரியும். மார்ட்டியானஸில் ஓலை ஏறத்தாழப் பாதி வரை மிக ஒழுங்காகப் பிளந்து, கீற்றுகள் குறுகலாகவும் ஒரே அளவாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும்; இளம் மட்டையில் வெண்பஞ்சு படிந்திருக்கும். லாட்டிசெக்டஸில் கீற்றுகள் அகலமானவை, வளர்ந்த மரத்தில் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வரை வரும். ஓலை தடித்துத் தோல் போன்றிருக்கும். அந்தப் பஞ்சும் அவ்வளவு இருக்காது. இரண்டிலும் முதிர்ந்த அடிமரத்தில் பன்னாடை நிற்காமல் உதிர்ந்துவிடும். ஃபார்ச்சுனியில் அது மரத்தைச் சுற்றிப் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உறவினரால் அந்தப் பங்களா மரத்தின் அடிமரத்தையும் ஒரு முழு ஓலையையும் படமெடுத்து அனுப்ப முடிந்தால், நீங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அருகில் வேறு வகை ஆண்மரம் நிற்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கருக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் பனைமட்டையில் உள்ளது போன்ற கருக்கு இந்தப் பேரினத்தில் கிடையாது. விளிம்பில் விரலால் தடவினால் மட்டும் உணரக்கூடிய நுண்பற்கள் இருக்கும், அவ்வளவே. வளரும் கன்றுகளில் எதிலாவது நீளமான முள் மட்டையில் தென்பட்டால், அது டிராக்கிகார்ப்பஸே அன்று. கமேராப்ஸ் அல்லது லிவிஸ்டோனா என்ற வேறு பேரின விசிறிப்பனையின் விதை கலந்து வந்திருக்கிறது என்று கொண்டு, அதைத் தனியே எடுத்து வையுங்கள். ஆணா பெண்ணா என்பது பாளை வரும்வரை எவராலும் சொல்ல முடியாது. எனவே எந்த வகையானாலும் ஒன்றை மட்டும் நடாமல் மூன்று நான்கை அருகருகே நடுவது நல்லது.

இந்தக் குளிர்காலத்துக்கு நீள்வட்டத் தோடு உள்ள வரிசையையும், தோடு மக்கிப்போன வரிசையையும் கூரைக்குள் கொண்டுசெல்லுங்கள். சிறுநீரக வடிவத் தோடு உள்ளவற்றைச் சுவரோரமாக, மேலிருந்து நீர் சொட்டாத இடத்தில் வைத்து, உறைபனி விழும் இரவுகளில் மட்டும் சாக்கால் மூடுங்கள். வேர் பையின் அடியைத் தொட்டுவிட்ட கன்றுகளை மாசி பிறந்ததும் ஆழமான பைக்கு மாற்றலாம். மாற்றும்போது பழைய துணிக்கட்டை அவிழ்க்காமல் புதுப் பைக்கே கட்டிவிடுங்கள். ஓலைகள் பிரியத் தொடங்கியதும் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு கன்றின் அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள்.